கடையில் ஓடிய சிபியு, மாமனார் வீட்டில் ஓடவில்லை

1. கஸ்டமர் பாதிப் பேச்சில்

"அண்ணா, மறுபடியும் அதுவா அணைஞ்சு அதுவா ஆனாகுதுங்ணா. கஸ்டமர் பாதிப் பேச்சுல இருந்தாங்க."

கோகிலா இப்படிப் போன் செய்தபோது நான் மலை மேலே செம்மேட்டில் என் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை மாதம். எதிரில் நிற்கிற பஸ் தெரியாத அளவுக்கு மூடுபனி. கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட எனக்கு, "அதுவாக ரீஸ்டார்ட் ஆகிறது" என்பது தலைவலிக்கு மாத்திரை எழுதுவது போன்ற கேஸ். இந்தக் கேஸ் மட்டும் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இதில் டெக்னிக்கல் சங்கதி பாதி, என் வயிற்றெரிச்சல் பாதி. இரண்டையும் பிரித்து எழுத முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

கோகிலா என் மச்சினனின் மனைவி. மச்சினன் போர்வெல் லாரியில் வடக்கே சுற்றுகிறவன், வருஷத்தில் இரண்டு முறை வந்தால் அதிகம். கோகிலா தன் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு அரியூர் நாட்டில் என் மாமனார் வீட்டில் இருக்கிறாள். எங்கள் மலையில் நாலு ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். எங்கள் மலைக்கும் ஃபைபர் நெட் வந்த பிறகு, வீட்டில் உட்கார்ந்தபடியே கஸ்டமர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை ஒன்று புரட்டாசி கடைசியில் அவளுக்குக் கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

வேலை போனால் அடுத்தது திருப்பூர் பனியன் கம்பெனி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அங்கே ஹாஸ்டலில் தங்க வேண்டும், குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. அதனால் அந்தக் கம்ப்யூட்டர் ஓடுவதும் நிற்பதும் அவளுக்கு விளையாட்டு இல்லை. எனக்கும் இல்லை. சித்திரையில் அதை அசெம்பிள் பண்ணிக் கொடுத்ததே நான்தான்.

ஐப்பசி வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மழையும் பனியும் இறங்கிய பிறகுதான் இந்தக் கூத்து. வேலையை ஆரம்பித்து ஒரு மணி நேரம் நன்றாகப் போகும். பிறகு திரை கறுத்து, தானாக அணைந்து, தானாக எழுந்திருக்கும்.

2. என் கடையில் நல்ல பிள்ளை

சிபியுவை எடுத்து வரச் சொன்னேன். பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோகிலா வந்தாள். இந்த மாதிரிக் கேஸில் வழக்கமாகச் செய்வதை எல்லாம் செய்தேன். மிஷினில் நடந்ததை எல்லாம் பதிந்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் "பவர் திடீரென்று போய்விட்டது" என்ற ஒரே பாட்டு. ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ப்ராசஸரின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தது, துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். ஃபேனுக்குள் கறுப்பாக மெல்லிய நூல் மாதிரி ஏதோ சிக்கியிருந்தது. பிரஷ்ஷால் தட்டி ப்ளோயரால் ஊதிவிட்டேன். மலையில் இந்த மாதத்தில் ஸ்வெட்டர் போடாத ஆளே இல்லை, அதிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும் என்று மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அப்புறம் நாள் முழுக்க வீடியோ ஓட விட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. மறுநாளும் ஓடியது. பயாஸ் திரையில் சூடு எவ்வளவு என்று பார்த்தேன், குறைவாகத்தான் காட்டியது. பெட்டியில் கை வைத்தாலும் ஜில்லென்றுதான் இருந்தது.

கோகிலா எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளே போன். "நின்னுருச்சுங்ணா."

கரண்ட்தான் காரணம் என்று நினைத்தேன். சாயங்காலமானால் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும். என் கடையில் இருந்த யுபிஎஸ்ஸையே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதை மாட்டியும் நின்றது. திரும்பவும் பெட்ஷீட், திரும்பவும் பஸ், திரும்பவும் என் கடையில் நல்ல பிள்ளை. கடைசியில் ஈரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். ஓட்டு வீடு, பனி உள்ளேயே இறங்கும். "ஈரம் படாம பத்திரமா வெச்சுக்கங்க, எல்லாம் ஈரத்தோட வேலைதான்" என்று கோகிலாவிடம் சொன்னேன். அவள் அதை அப்படியே மாமனாரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓடியது அரை மணி நேரமானது. வைத்தியம் பார்த்து நோயை வளர்த்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இத்தனைக்கும் நீ ஏன் நேரில் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். என் கடையிலிருந்து மாமனார் வீடு வண்டியில் போனால் ஒரு டீ ஆறுகிற தூரம்தான். போகவில்லை. காரணம் சகலை.

3. எஞ்சினீர் மாப்ள

என் மனைவி மலர்க்கொடியின் தங்கையைக் கட்டியவர் என் சகலை. நாமக்கல்லில் பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, சட்டையில் பெயர் எழுதிய பேட்ஜ். எனக்கு ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில், அவருக்கு அதற்கென்று தனியாக ஒரு தோல் பை. ஒரே வேலையைத்தான் இருவரும் செய்கிறோம். அவர் செய்தால் எஞ்சினீர், நான் செய்தால் ரிப்பேர்காரன்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆடி நோம்பிப் பண்டிகை விருந்தில் சொந்தக்காரர் ஒருவருக்கு எங்களை அறிமுகம் செய்த மாமனார், "இவரு சின்ன மாப்ள, கம்ப்யூட்டர் எஞ்சினீருங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "இவரு பெரிய மாப்ள, செம்மேட்டுல ரிப்பேரு பாக்குறாரு" என்றார். மனுஷன் எந்தக் கள்ளமும் இல்லாமல்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. ஒரு போன் போட்டு முறையாகக் கூப்பிடட்டும், பிறகு போகலாம் என்று இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. சகலை வருவதென்றால் நாலு நாள் முன்பிருந்தே போன் பறக்கும்.

நான் இரண்டு முறை பார்த்தும் தேறாத சிபியுவைச் சின்ன மாப்ள வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி அவருடைய கார் வந்தது. நான் போகவில்லை. மலர்க்கொடி போனாள். அவள் திரும்பி வரும்வரை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்ததும் கேட்டேன். கோழி அடித்தார்களா? அடித்தார்களாம். ஈரல் யாருக்கு? இதையெல்லாம் ஒரு மனுஷன் கேட்பானா என்றாள். எங்கே உட்கார வைத்தார்கள்? கட்டிலில், கம்பளி விரித்து. அது மச்சினன் வடக்கேயிருந்து வாங்கி வந்த புதுக் கறுப்புக் கம்பளி. நான் போனால் பிளாஸ்டிக் சேர். அதுவும் கால் ஆடுகிற சேர்.

கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியாகத்தான் கேட்டேன். உள்ளே கரண்ட் சப்ளை கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று சொல்லி, பெரிய கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் காரிலிருந்து எடுத்து வந்து மாட்டினாராம். சாப்பிட்டு, பேசி, சாயங்காலம் அவர் கிளம்புகிறவரை ஓட விட்டார்களாம். ஒரு தடவையும் நிற்கவில்லையாம். கோகிலாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்றாம். மாமனார் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

எனக்கு அன்று சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸை நான் மாற்றிப் பார்க்கவில்லைதான். என் கடையில் நன்றாக ஓடுகிற சப்ளையை எதற்காக மாற்ற வேண்டும்? ஆனால் அவர் மாற்றினார், அது ஓடியது. இந்த ஊரில் இனிமேல் எனக்கு மவுஸ் பேட் விற்கிற வேலைதான் மிச்சம் என்று தோன்றியது. அப்படி ஒரு பொறாமை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

4. கம்பளி

திங்கட்கிழமை மத்தியானம் கோகிலா போன் செய்தாள். நின்றுவிட்டது. ஒரு தடவை அல்ல, வேலைக்கு உட்கார்ந்ததிலிருந்து விடாமல்.

முதலில் எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. எஞ்சினீர் மாட்டியதும் நின்றுவிட்டதல்லவா என்று. அடுத்த நொடி அவள் அழுகிற சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் கடைசியாகச் சொல்லிவிட்டாராம். நாளைக்கும் நடுப்பேச்சில் லைன் போனால் மறுநாளிலிருந்து லாகின் பண்ண வேண்டாம் என்று. "பாப்பாவ உட்டுட்டு எப்படிங்ணா போறது?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மலர்க்கொடி டீ கொடுத்துவிட்டு, தங்கை வீட்டுக்காரரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழியுமாம் என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, தேக்கி வைத்தது எல்லாம் வந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு அவர் ஒருவர்தான் மாப்பிள்ளை, நான் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு நாளாவது கம்பளி விரித்திருக்கிறாரா என்று கேட்டேன்.

மலர்க்கொடி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தக் கம்பளி விருந்தாளிக்குன்னு வெச்சிருக்கறதில்லீங்க. கம்ப்யூட்டரு மேல போத்தியிருக்கறது. அவரு வாராருன்னு அன்னிக்கு எடுத்து ஒதறி விரிச்சாங்க. அவரு போனதும் மறுபடி அதும்மேல போத்திட்டாரு எங்கப்பா. நீங்க போனீங்கன்னா உங்களுக்குந்தான் விரிப்பாரு. போனாத்தான?"

டீயைக் கீழே வைத்துவிட்டேன். "எதும்மேல?" என்று கேட்டேன்.

"அதான், பொட்டி மாதிரி கீழ இருக்குதில்ல. பனி எறங்கி ஈரம் கட்டுதுன்னு போத்துனாரு. நீங்க ஈரந்தான் காரணம்னு சொன்னீங்கன்னு இப்ப ரெண்டா மடிச்சுப் போத்தறாரு."

ஃபேனில் சிக்கியிருந்தது ஸ்வெட்டர் நூல் இல்லை, கம்பளி மயிர். எங்கள் மலையில் இது புதிதில்லை. பனி நாளில் விதைக் கூடைக்கு மேல் போர்த்துவோம், ஆட்டுக்குட்டிக்குப் போர்த்துவோம், தேன் பானைக்கும் போர்த்துவோம். விலை உயர்ந்த பொருள் எதுவோ அதற்குத்தான் நல்ல துணி. அந்த வீட்டில் இப்போது விலை உயர்ந்த பொருள் சிபியு. சூட்டை வெளியே தள்ளினால்தான் பிழைக்கிற ஒரு மிஷினை அவர் குளிர் தாங்காத பிள்ளையாக நினைத்துவிட்டார். உள்ளே சூடு ஏறும், ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மிஷினையே அணைத்துவிடும். என் கடையில் கம்பளி இல்லை, ஓடியது. சகலை வந்தபோது கம்பளி அவருக்கு அடியில் இருந்தது, ஓடியது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு போன் போட்டு "கம்பளியை எடுங்க" என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. நான் போடவில்லை. போனில் சொன்னால் அந்த வெற்றி காற்றோடு போய்விடும். நேரில் போய், மாமனார் கண் முன்னால், அந்தக் கம்பளியை நானே உருவ வேண்டும் என்று இருந்தது. கோகிலா காலையில் பத்து மணிக்குத்தான் லாகின் செய்வாள். அதற்கு முன்னால் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

5. சொல்லாமல் போனது

காலையில் வண்டியை எடுத்தேன். வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வழியெல்லாம் மாமனாரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "எஞ்சினீர் கண்டுபிடிக்காததை ரிப்பேர்காரன் கண்டுபிடிச்சுட்டான் மாமா" என்பதுதான் நான் வைத்திருந்த முதல் வரி.

மாமனார் மிளகுக்கொடி பார்க்கக் காட்டுக்குப் போயிருந்தார். மாமியார் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கோகிலா ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பலகை மேல் சிபியு. அதன் மேல் இரண்டாக மடித்த கறுப்புக் கம்பளி, பின்பக்கமும் இடுக்கு விடாமல் செருகி, பவர் பட்டனுக்கு மட்டும் ஒரு விரல் இடம் விட்டுப் போர்த்தப்பட்டிருந்தது. போர்த்திய விதத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டியது வராமல் போய்விட்டது.

கம்பளியை எடுத்தேன். மிஷின் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் சிபியு பெட்டி தோசைக்கல்லாக இருந்தது. சுவரை ஒட்டியிருந்த பின்பக்கத்தைத் திருப்பி வைத்தேன். சூடு காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றி கோகிலாவிடம் காட்டினேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. நான் விளக்கம் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, மாமாகிட்ட இதச் சொல்லாதீங்க" என்றாள். "என்ற பொழப்புக்காகத்தான் அவரு ரா முச்சூடும் எந்திரிச்சு எந்திரிச்சு வந்து போத்துவாரு. இதனாலதான் நின்னுச்சுன்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாருங்ணா."

அதற்குள் அவளுக்கு முதல் அழைப்பு வந்துவிட்டது. குரலை மாற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஒத்திகை பார்த்த வரிகளை வைத்துக்கொண்டு நான் சேரில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது. அழைப்பு மேல் அழைப்பு. மிஷின் நிற்கவில்லை.

மத்தியானம் மாமனார் வந்தார். என்னைப் பார்த்ததும், "எப்பங்க மாப்ள வந்தீங்க, சாப்பிட்டீங்களா?" என்றார். கோகிலா நிற்காமல் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கம்பளி இல்லாத சிபியுவைப் பார்த்தார். கட்டிலில் மடித்து வைத்த கம்பளியைப் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாசலில் நின்று போன் போட்டார். சின்ன மாப்பிள்ளைக்கு.

"நீங்க மாட்டிக் குடுத்தது இன்னிக்கு நல்லா செட்டாயிருச்சுங்க மாப்ள. காலைல இருந்து நிக்கவே இல்லீங்க. ரொம்ப சந்தோசமுங்க."

உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அந்தப் போனைப் பிடுங்கி, கம்பளிக் கதை முழுவதையும் நாமக்கல் வரை கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாய் வரை வந்துவிட்டது. கோகிலா ஒரு கஸ்டமருக்குப் பதில் சொல்லிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் மூடியிருந்தது இருபது வருஷ சர்வீஸைவிடக் கஷ்டமான வேலை.

அவள் வேலை முடிகிறவரை இருந்துவிட்டுக் கிளம்பினேன். மாமனார் வண்டி வரை கூடவே வந்தார். ஹேண்டில்பாரில் கை வைத்து என்னை நிறுத்தினார்.

"போத்துனது நாந்தானுங்க மாப்ள" என்றார். "உள்ள வந்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ள பொழப்ப நானே கெடுக்கப் பாத்திருக்கறேன்."

அப்படியெல்லாம் இல்லை மாமா என்றேன்.

"சின்னவரு விருந்தாளி மாதிரிங்க. கை வெச்சும் ஓடலைன்னா அவரு மொகம் சுண்டிப்போயிரும். அதான் அவருகிட்ட அப்படிச் சொன்னேன். உங்ககிட்ட நான் எதைங்க மறைக்கோணும்? நீங்க நம்ம ஊட்டு ஆளு. ஆடியில இருந்து ஏன் வல்லைன்னுதான் எனக்கு வெளங்கல. உங்களுக்குமா நான் போன் போட்டுக் கூப்புடோணும்?"

இதைக் கேட்டு என் மனசு நிறைந்துவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நிறைந்ததுதான். ஆனால் முதலில் தோன்றியது வேறு. இந்தப் பேச்சை ஆடி நோம்பியன்று நாலு பேர் முன்னால் பேசியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

சர்வீஸுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கடையில் ஓடி, வீட்டில் நிற்கிற மிஷினைத் திரும்பத் திரும்பக் கழற்றாதீர்கள். வீட்டுக்குப் போங்கள். முடிந்தால் சொல்லாமல் போங்கள். ஆள் வருகிறது என்று தெரிந்தால் வீட்டை ஒதுக்கிச் சுத்தம் பண்ணிவிடுவார்கள், கோளாறையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். அது எந்த நிலைமையில் கிடந்து ஓடுகிறதோ அந்த நிலைமையில் பார்க்க வேண்டும். அதற்கு அந்த வீட்டில் உங்களுக்கு அந்த உரிமை இருக்க வேண்டும்.

மார்கழி கடைசியில் கோகிலாவுக்கு வேலை நிரந்தரமானது. குழந்தை அம்மாவோடுதான் இருக்கிறது. மாமனார் வீட்டில் அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். சகலைக்கு இரண்டு நாள் முன்பே போன் போட்டுச் சொல்லியிருந்தார்களாம். எனக்கு யாரும் போன் போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நானே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.